குழந்தைகள் வார்டில் குடும்பங்களின் சமூகத் தேவைகளை ஆய்வு செய்வது எப்படி? புதிய குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

நிமோனியாவோடு வந்த பிள்ளைக்கு ஊசி போட்டு, காய்ச்சல் இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். மறுபடி காட்ட வருவதற்குக் கையில் காசு இருக்கிறதா, அப்பாவின் கூலி எத்தனை நாள் போனது, மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், தோடு அடகுக்குப் போனதா என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் எங்கும் இருக்காது. இவற்றை முறையாகக் கேட்டு எழுதுவதுதான் சமூகத் தேவை ஆய்வு.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் இப்படி ஓர் ஆய்வை முதன்முறையாகத் தொடங்கும் முதுநிலை மாணவர்கள், சமூகப் பணியாளர்கள், செவிலியர்கள், ஆராய்ச்சி உதவியாளர்களுக்காக இதை எழுதுகிறோம். முதல் யோசனையிலிருந்து முதல் நேர்காணல் வரை ஐந்து, ஆறு மாதம் ஒதுக்கி வையுங்கள். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். வரிசை மாறுவதால்தான் பாதி வேலையைத் திரும்பச் செய்ய நேர்கிறது.

1. முதலில் உதவிப் பட்டியல், பிறகுதான் கேள்வித்தாள்

ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் கேள்வித்தாளில்தான் தொடங்குகின்றன. அப்படித் தொடங்காதீர்கள். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று ஒரு தாயிடம் கேட்டு, "இல்லை" என்ற பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவது அவருக்குச் செய்யும் அநியாயம். எந்தத் தேவைக்கு உங்களால் ஒரு வழியாவது காட்ட முடியுமோ அதை மட்டும் கேளுங்கள்.

பட்டியலில் குறைந்தது இவை இருக்க வேண்டும்:

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். பிள்ளையின் பெயர் இன்னும் குடும்ப அட்டையில் ஏறவில்லை என்பதுதான் இதில் அடிக்கடி வரும் சிக்கல். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பெயர் ஏறாது. ஆகவே பட்டியலில் பிறப்புச் சான்றிதழ் தனி வரியாக இருக்கட்டும். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது.

மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு. கணவரை இழந்த அல்லது கணவர் கைவிட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் தீராத நோயில் இருக்கும் பிள்ளைகள் போன்றவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய். வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். தகுதியுள்ள பல குடும்பங்களுக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது.

காசநோய் உள்ள பிள்ளைகளுக்கு நிக்‌ஷய் போஷண் என்ற சத்துணவு உதவித்தொகை. 2024 நவம்பர் முதல் இது மாதம் 1,000 ரூபாய். பணம் வங்கிக் கணக்கில்தான் வரும், அதனால் கணக்கு விவரம் சரியாக இருக்கிறதா என்று அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

வளர்ச்சித் தாமதம், பிறவிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். மாற்றுத்திறன் அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். கடும் ஊட்டச்சத்துக் குறைவுக்கு ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம். இவற்றோடு குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, மனநல உதவிக்கு 14416.

"கலெக்டர் ஆபீஸ் போங்க" என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாய் ஒரு நாள் கூலியை விட்டு, வெளியூர் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போய், தப்பான வரிசையில் நின்று திரும்பி வருவார். உபயோகமான வரி இப்படி இருக்கும்: "ஆட்சியர் அலுவலகம், தரைத்தளம், காப்பீட்டு அறை. திங்கட்கிழமை வேண்டாம், குறைதீர்க்கும் நாள், கூட்டமாக இருக்கும். குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று மூன்றும் கையில் இருந்தால் மட்டும் போங்கள்." ஒவ்வொரு வரியையும் உங்கள் குழுவில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்யட்டும். அறை மாறும், ஆள் மாறுவார், எண் வேலை செய்யாது. பட்டியலில் தேதி போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சரிபாருங்கள்.

இந்த ஒரு படிக்கே மூன்று, நான்கு வாரம் ஆகும். குறைக்கப் பார்க்காதீர்கள்.

2. கேள்விகளைத் தேர்ந்தெடுப்பது

மொத்த நேர்காணலும் 25 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் பிள்ளை அழும், சிஸ்டர் ஊசி போடக் கூப்பிடுவார், பதில்கள் எல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்று ஆகிவிடும்.

சரிபார்க்கப்பட்ட கருவிகள் வெளியே நிறைய உண்டு. உணவுக்கு ஹங்கர் வைட்டல் சைன் என்ற இரண்டே கேள்விக் கருவி இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உணவுப் பாதுகாப்பின்மை அளவுகோலில் 8 கேள்விகள். அமெரிக்கக் குழந்தைகள் கிளினிக்குகளில் குடும்பத்தின் சமூகத் தேவைகளைக் கேட்கும் வீ கேர் என்ற சிறு படிவம் பழக்கத்தில் உள்ளது. இவற்றை முழுசாக எடுத்து அப்படியே மொழிபெயர்த்து வார்டுக்குக் கொண்டு போவது பெரிய தவறு. வீட்டைச் சூடாக்கும் எரிவாயு இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு நம் ஊரில் வேலை இல்லை. நம் வார்டில் கேட்க வேண்டியவை வேறு:

- குடும்ப அட்டை எந்த வகை? அது இப்போது யாரிடம் இருக்கிறது? மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்ட அட்டை இல்லாத அட்டைக்குச் சமம்.
- இந்த முறை ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சேமிப்பா, அடகா, வட்டிக்கு வாங்கியதா, மகளிர் குழுக் கடனா? வார வசூல் தவணை எந்தக் கிழமை?
- ஊரிலிருந்து இங்கே வர எத்தனை பஸ்? சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வெளியூர்ப் பேருந்தில் உண்டு. "பஸ் செலவு எவ்வளவு" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் இரண்டும் கலந்துவிடும்.
- உடன் தங்குபவர் எங்கே சாப்பிடுகிறார், எங்கே தூங்குகிறார்? தாய்க்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு கிடைக்கிறதா? வெளியே படுத்திருக்கும் அப்பாவுக்கு?
- வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா?

தேவை இருப்பது வேறு, உதவி கேட்பது வேறு. ஒவ்வொரு தலைப்புக்கும் "இந்தச் சிரமம் இருக்கிறதா?", "இதற்கு நாங்கள் ஏதாவது செய்யட்டுமா?" என்று இரண்டு தனிக் கட்டங்கள் வையுங்கள். கடன் இருக்கிறது என்று சொல்பவர் எல்லோரும் அதில் நீங்கள் தலையிடுவதை விரும்ப மாட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னவர் கடைசியில் மெதுவாக ஒன்று கேட்பார். இரண்டாவது கட்டம் இல்லாத படிவத்தில் இந்த இருவரும் தொலைந்து போவார்கள்.

பொருளாதார நிலைக்குக் குப்புசாமி அளவுகோலா, பி.ஜி. பிரசாத் அளவுகோலா என்ற கேள்வி வரும். குப்புசாமி நகரக் குடும்பங்களுக்கானது. படிப்பு, தொழில், வருமானம் மூன்றையும் கூட்டி 29க்கு மதிப்பெண் போடும். பிரசாத் தலைக்கு மாத வருமானத்தை மட்டும் பார்க்கும், கிராமத்துக்கும் பொருந்தும். கிராமமும் நகரமும் கலந்து வரும் வார்டில் பிரசாத் போதும். எதை எடுத்தாலும் வருமான எல்லைகளை நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்கு ஏற்பத் திருத்தி ஆக வேண்டும். குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2001இலிருந்து 2016க்கு மாறியபோது 2.88 என்ற இணைப்புக் காரணி வந்தது. அதைப் பெருக்க மறந்தால் எல்லைகள் எல்லாம் இறங்கி, கூலிக் குடும்பங்கள் நடுத்தர வர்க்கமாகக் கணக்கில் ஏறிவிடும். ஆய்வேட்டுத் தேர்வில் பலர் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

3. தமிழாக்கமும் முன்சோதனையும்

ஒருவர் தமிழாக்கம் செய்ய, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட வேண்டும். இப்படிச் செய்ததற்கான சான்றிதழை, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு (படி 6) கேட்கும். ஆனால் உண்மையான சோதனை வார்டில்தான் நடக்கும். பத்து, பதினைந்து தாய்மாரிடம் கேள்வியைப் படித்துவிட்டு, "இதை நான் என்ன கேட்டேன்னு நீங்க நினைச்சீங்க?" என்று கேளுங்கள்.

"உணவுப் பாதுகாப்பின்மையை எதிர்கொண்டீர்களா" என்றால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "காசு இல்லாததால, பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டு நீங்க கொறைச்சுச் சாப்பிட்ட நாள் உண்டாம்மா?" என்று கேட்டால் பதில் வரும். "கடந்த 12 மாதங்களில்" என்பதைவிட "போன பொங்கலுக்கு அப்புறம்", "ஸ்கூல் திறந்ததுக்கு அப்புறம்" என்று நாளைக் காட்டினால் நினைவு சரியாக வரும்.

எழுத்துரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வானவில், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஒப்புதல் படிவம் வேறு கணினியில் திறந்தால் எழுத்துக் குப்பையாகிவிடும். படிவம் படிக்க முடியவில்லை என்று விண்ணப்பம் திரும்பினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான். யூனிகோடில் மட்டும் வாங்குங்கள்.

4. எத்தனை பேர், எத்தனை நாள்

முன் ஆய்வு எதுவும் கையில் இல்லையென்றால் தேவை உள்ள குடும்பங்களின் விகிதத்தை 50 சதவீதம் என்றும் பிழை எல்லையை (கிடைக்கும் விகிதம் உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவை) 5 சதவீதம் என்றும் வைத்துக் கணக்கிட்டால் 385 குடும்பங்கள் வரும். பத்தில் ஒருவர் மறுப்பார் அல்லது பாதியில் போவார் என்றால் 385ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்: 428. பலரும் பத்து சதவீதத்தைக் கூட்டி 424 என்று எழுதுகிறார்கள். அதில் பத்து சதவீதம் போனால் 382தான் மிஞ்சும்.

ஒருவர் ஒரு நாளில் நிதானமாக நான்கு நேர்காணல் முடிக்கலாம். 428க்கு 107 ஆள் நாள். இரண்டு பேர் வாரம் ஐந்து நாள் செய்தால் பதினொரு வாரம். உங்கள் ஆய்வேட்டுக் காலத்தில் தனியாளாக இதைச் செய்ய முடியுமா என்று இப்போதே யோசித்துவிடுங்கள். முடியாது என்றால் பிழை எல்லையை 10 சதவீதமாக்கி 97 குடும்பங்களிடம் நன்றாகப் பேசுங்கள்.

5. அனுமதிகள்

துறைத் தலைவர், பிறகு டீன். மருத்துவக் கல்லூரிக்கு வெளியிலிருந்து வருபவர் என்றால் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் அனுமதி பற்றி டீன் அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் அது வேறு இயக்ககம், மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள். இணை இயக்குநர் வழியாகப் போக வேண்டும். தவறான இயக்ககத்துக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வராது, அங்கேயே கிடக்கும். வார்டு பொறுப்பு சிஸ்டரிடம் எழுத்து அனுமதி தேவையில்லை, ஆனால் அவரிடம் முதலில் போய் உட்கார்ந்து பேசாத குழுவுக்கு வார்டில் ஒரு நாற்காலிகூடக் கிடைக்காது.

6. நெறிமுறைக் குழு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் இரண்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது: பொதுவானது ஒன்று, குழந்தைகளுக்கானது ஒன்று. இரண்டையும் படியுங்கள். மருத்துவமனைக் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும், தகவல் தாள், ஒப்புதல் படிவம், மொழிபெயர்ப்புச் சான்று, குழுவினரின் தன்விவரம், பயிற்சிச் சான்றிதழ்கள், செலவுத் திட்டம், துறைத் தலைவர் கடிதம், படி 1இல் செய்த உதவிப் பட்டியல், படி 8இல் வரும் அவசர நடைமுறை. கடைசி இரண்டையும் இணைத்தால் உறுப்பினர்கள் கேட்கும் கடினமான கேள்விக்குப் பதில் முன்பே தயாராக இருக்கும். பயிற்சிக்குச் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஸ்வயம் இணையப் பாடத் தளத்தில் நடத்தும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் இருக்கிறது. தேர்வுத் தேதிகள் குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே வருவதால் முதல் மாதமே பதிந்துவிடுங்கள்.

ஒப்புதலில் கவனிக்க வேண்டியவை:

குறைந்த அபாய ஆய்வுக்குப் பெற்றோரில் ஒருவர் ஒப்புதல் போதும். பிள்ளையிடமே கேள்வி கேட்பதானால் 7 முதல் 12 வயது வரை வாய்மொழிச் சம்மதம், 12க்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதம், பெற்றோர் ஒப்புதலோடு சேர்த்து. கேஸ் ஷீட்டிலிருந்து விவரம் எடுப்பீர்கள் என்றால் அதை ஒப்புதல் படிவத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டுப் பிறகு திருத்தம் கேட்டு அலைபவர்கள் அதிகம். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டிக் கைரேகை வாங்கும்போது, ஆய்வுக் குழுவில் இல்லாத ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான படிவத்தின் நகல் ஒன்று குடும்பத்தின் கைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும்; தமிழ்ப் பதிப்பு 1, ஆங்கிலப் பதிப்பு 2 என்று மாறி இருந்தால் விண்ணப்பம் அப்படியே திரும்பும்.

குழு பல இடங்களில் மாதம் ஒருமுறை, சில இடங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். காகிதங்களைக் கூட்டத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே கேட்பார்கள். ஒரு சுற்றுத் திருத்தம் நிச்சயம் வரும். எனவே இரண்டு கூட்டங்களைக் கணக்கில் வையுங்கள்.

உதவி செய்வதால் பலன் உண்டா என்று குடும்பங்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவகத்தில் முதல் குடும்பத்தைச் சேர்க்கும் முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்னால் வரும் பதிவை ஏற்பதில்லை. கட்டணம் இல்லை. வெளிநாட்டுப் பணமோ கூட்டாளியோ இருந்தால் சுகாதார அமைச்சகத் தேர்வுக் குழுவின் அனுமதியும் வேண்டும், அதற்குத் தனியாகப் பல மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. வார்டில் பேசுவது

காலை ரவுண்ட்ஸ் முடியும் வரை கட்டில் பக்கம் போகாதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்து, பார்வையாளர் நேரம் தொடங்கும் முன் உள்ள இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கானது. சேர்ந்த முதல் நாள் வேண்டாம், பயத்தில் இருப்பார்கள். டிஸ்சார்ஜ் நாளும் வேண்டாம், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். இரண்டாம், மூன்றாம் நாள் சரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் வார்டுக்கு மாறிய பிறகு.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி வையுங்கள். கோட்டுப் போட்டவர் கேட்டால் சரியாகப் பதில் சொன்னால்தான் பிள்ளையை நன்றாகப் பார்ப்பார்கள் என்று நினைப்பார்கள். தொடங்கும் முன் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "நீங்க இதுல சேர்ந்தாலும் சேராட்டியும் பிள்ளைக்குப் பாக்குற வைத்தியத்துல ஒரு மாத்தமும் இருக்காதும்மா. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். நடுவுல எழுந்து போகணும்னாலும் போகலாம்."

கட்டிலருகே கேட்டால் பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும். கடன், குடி, அடி பற்றிய கேள்விகளைத் தனி இடத்தில், தாயிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும். பாலூட்டும் அறை, சாயங்காலம் காலியாக இருக்கும் ஓ.பி. அறை இவற்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அந்த நேரம் பிள்ளையுடன் இருக்க ஓர் ஆள் வேண்டும். தனியாளாகப் போகும் ஆய்வாளர் இது தெரியாமல் தடுமாறுவார். கணவர் அருகில் வந்து நின்றால் பேச்சைத் தடுப்பூசிக்கு மாற்றிவிடுங்கள்.

தமிழ் தெரியாத குடும்பங்களை "மொழித் தடை" என்று விலக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. திருப்பூர், கோவை, சென்னைப் பக்கம் வட மாநிலத் தொழிலாளர் பிள்ளைகள் வார்டில் நிறைய. குடும்ப அட்டை சொந்த மாநிலத்தில், உறவினர் யாரும் பக்கத்தில் இல்லை. தேவை அதிகமுள்ளவர்களை விட்டுவிட்டுத் தேவையை அளக்க முடியாது. குறைந்தது இந்திப் படிவம் ஒன்றாவது நெறிமுறைக் குழுவில் அனுமதி பெற்று வையுங்கள்.

8. ஆபத்தான பதில் வந்தால்

பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தாலோ, நடக்கும் என்று அஞ்சினாலோ, 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. ஆகவே "நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று ஒப்புதல் படிவத்தில் எழுதவே கூடாது. பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது மட்டும் விதிவிலக்கு என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

புதியவர்கள் எதிர்பார்க்காத ஒன்று: பச்சிளம் குழந்தைகள் வார்டில் தாயின் வயதைக் கேட்பீர்கள், 17 என்பார். அவரால் சட்டப்படி ஒப்புதல் தர முடியாது; அதோடு போக்சோ கடமையும் அந்த நொடியே வந்துவிடும். இந்த நிலையில் யார் யாரிடம் பேசுவது, மருத்துவர் ஏற்கெனவே தெரிவித்துவிட்டாரா என்று எப்படிப் பார்ப்பது, அந்தப் பெண்ணுக்குத் துணையாக யார் இருப்பது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி வையுங்கள். வீட்டு வன்முறைக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் இதேபோல் ஒரு பக்கம். அதில் பொறுப்பானவரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும். வன்முறை பற்றிய குறிப்பை, கணவர் எடுத்துப் பார்க்கக்கூடிய எந்தக் காகிதத்திலும் எழுதாதீர்கள்.

9. தரவு

பதில்களை டேப்லெட்டில் பதிய உதவும் கோபோ டூல்பாக்ஸ் செயலி இலவசம், நெட் இல்லாத வார்டிலும் வேலை செய்யும், தமிழ்ப் படிவம் தெரியும். பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு கோப்பில், பதில்கள் வேறு கோப்பில். இரண்டையும் இணைப்பது ஓர் எண் மட்டும். "தெரியாது" என்பதற்கும் "சொல்ல விரும்பவில்லை" என்பதற்கும் தனித்தனிக் குறியீடு கொடுங்கள். கடன் கேள்வியில் இந்த இரண்டும் இரண்டு வேறு செய்திகள்.

10. செலவு

பெரும் பகுதி ஆள் சம்பளம். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பு, அச்சு, டேப்லெட், தொலைபேசி, பட்டியலைச் சரிபார்க்கப் போய்வரும் செலவு, சில நிறுவனங்களில் நெறிமுறைக் குழுக் கட்டணம். நேரம் கொடுத்த குடும்பத்துக்குச் சிறு ஈட்டுத்தொகை தரலாம். தொகையை நெறிமுறைக் குழு முன்பே ஏற்றிருக்க வேண்டும், அது ஆசை காட்டிச் சேர்ப்பதாக இருக்கக் கூடாது. பலரும் விட்டுவிடும் ஒரு தலைப்பு, உதவி பெறப் போகும் செலவு. இ-சேவை மையத்தில் வருவாய்த் துறைச் சான்றுக்கு 60 ரூபாய், நகல் எடுக்க, போய்வர. இந்தச் சிறு தொகை இல்லாமல் நல்ல திட்டம் ஒன்று கைவிட்டுப் போவதைப் பார்க்கலாம். செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி போடுங்கள்.

11. முப்பதாம் நாள் அழைப்பு

உதவிப் பட்டியலைக் கொடுத்ததோடு ஆய்வு முடியாது. முப்பது நாள் கழித்து அழைத்து, போனார்களா, என்ன சொன்னார்கள், பணமோ அட்டையோ கைக்கு வந்ததா என்று கேளுங்கள். சேரும்போதே இரண்டு எண் வாங்குங்கள். ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. பெரும்பாலும் முதல் எண் கணவருடையது. அவர் எடுத்தால் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று தாயிடம் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலை அழைத்தால் வேலையில் இருப்பார்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் எடுப்பார்கள். மூன்று வெவ்வேறு நாளில் முயன்றும் கிடைக்காவிட்டால் "தொடர்பு இல்லை" என்று பதிவு செய்யுங்கள்.

அழைப்பின்போது பிள்ளை மறுபடி உடம்பு சரியில்லாமல் இருப்பது தெரிந்தால் கேள்விகளை நிறுத்திவிட்டு, எந்த நாள் எந்த ஓ.பி.க்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு என்றால் 108. படிவத்தின் மீதிப் பகுதி காலியாகவே இருக்கட்டும்.